வேதாளத்தின் நிபந்தனை

1947 ஜூலையில் தோன்றிய ‘அம்புலிமாமா’வைத் திருவண்ணாமலைத் தேரடி வீதிக் கடைகளில் மாதந்தோறும் வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கும் பிணத்தைக் கண்டு அன்று அஞ்சினோம். முதிர்ந்த வயதில் அப்பழைய இதழ்களைப் புரட்டுகையில் வேதாளத்தின் நிபந்தனையே நெஞ்சை உறுத்துகிறது.

விடை தெரிந்தும் மன்னன் சொல்லாதிருந்தால் தலை சுக்குநூறாகும்; சொன்னாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறிவிடும். பட்ட பாடெல்லாம் வீணாகுமென்று அறிந்தும் அவன் ஒவ்வொரு முறையும் நியாயத்தையே உரைத்தான்.

பாகப்பிரிவினையில் தங்கைக்குரிய பங்கு மறுக்கப்படுகையில், நியாயம் அறிந்த பெரியோர் வாய்மூடி அமர்ந்திருப்பதை இன்றும் காண்கிறோம். அவர்கள் தலை வெடிப்பதில்லை, குடும்பமே இரண்டாகிறது.

அம்புலிமாமா நின்று ஆண்டுகள் பல ஆயின. பழைய இதழ் ஒன்று வீட்டில் இருந்தால், பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பெரியவர்கள் ஒருமுறை படிப்பது நன்று.