பதிவேட்டில் இல்லாத கட்டம்

மேலை நாடுகளில் பள்ளிச் செவிலியர் என்று தனியே ஒருவர் உண்டு. பள்ளிக்குள்ளேயே அவருக்கு ஓர் அறையும் உண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள நம் ஊர்ப்பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லை. விடுதியோடு கூடிய சில பெரிய பள்ளிகளை விட்டுவிட்டால், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செவிலியராக விளங்குபவர், ஊரார் 'நர்சம்மா' என்றழைக்கும் கிராம சுகாதாரச் செவிலியரே. கருவுற்ற தாய்மாரைக் கவனிப்பதும் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் அவருடைய தலையாய பணிகள். அவற்றோடு பள்ளிக்கூடமும் சேர்ந்துகொள்கிறது: 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய ஊசி, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை, வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரையை வகுப்பில் கொடுப்பவர் ஆசிரியர்தாம். ஆனால் விழுங்கிய பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், ஆள் அனுப்புவது நர்சம்மாவுக்கு.

பங்குப் பள்ளியின் தாளாளர் என்ற முறையில் இப்பணியை அருகிருந்து காணும் வாய்ப்பு நமக்குப் பல ஆண்டுகளாக உண்டு. இவருடைய சுமையை எந்தக் கோல் கொண்டு அளக்கிறார்கள்? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. இது தலையெண்ணிக்கை. மலைக்கு எண்ணிக்கையைக் குறைத்ததிலேயே, தொலைவும் சுமைதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணைக்கு அப்பாலுள்ள இஞ்சிக்குழியில் வாழும் காணி மக்களிடம் காட்டுவழியே செல்பவரைக் கேட்டால் அது விளங்கும்.

சமவெளியிலோ 5,000 என்றால் எங்கும் அதே 5,000 தானா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு பெருக்கெடுத்து ஊர்களைச் சூழ்ந்தபோது, எந்தத் துணை நிலையத்திலும் தலையெண்ணிக்கை கூடவில்லை. வேலை கூடிற்று. முக்கூடல் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு. அங்கே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பீடியும் மறு பீடியும் ஒன்றே ஆகையால் அந்தக் கணக்குச் செல்லும் (கழிவு என்று ஒதுக்குவதில் நடக்கும் அநியாயம் தனிக்கதை). பிள்ளைகள் அப்படியல்லர்.

2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வரவேண்டும். நம் பள்ளிக்கும் வருகிறது. உயரம், எடை, கண், காது, பல், நெஞ்சு என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். அவ்வாறு ஒருமுறை ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சில் மருத்துவர் குழலை வைத்தவர், சற்று நேரம் எடுக்காமலேயே இருந்தார். பரிந்துரைச் சீட்டு எழுதப்பட்டது. பதிவேட்டில் 'பரிந்துரை' என்னும் கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. கணக்கில் வேலை அத்துடன் முடிந்தது.

சீட்டு சிறுமியின் புத்தகப் பைக்குள்ளேயே கிடந்தது. தந்தை கேரளத்தில் கட்டட வேலை. தாய்க்குப் பீடித்தட்டை இறக்கிவைத்தால் அன்றையக் கூலி இல்லை. அதைவிட, 'இதயத்தில் துளை' என்ற சொல்லே அவரை நடுங்க வைத்தது. நர்சம்மா அவ்வீட்டுக்கு ஐந்து முறை நடந்தார். முதல்முறை வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார். காப்பீட்டு அட்டை பெற, குடும்ப அட்டையில் தந்தையின் பெயரெழுத்துத் திருத்தப்பட வேண்டியிருந்தது. அதற்கும் தாலுகா அலுவலகத்துக்கு உடன்சென்றார். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு முதல்நாள் அழைத்துப்போனவரும் அவரே. அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நடைகளுள் ஒன்றுக்கேனும் பதிவேட்டில் கட்டம் கிடையாது. "பிள்ளைகளைப் பார்க்கிறது ஒரு நேரம், சாமி. அதுக்கப்புறம் நடக்கிறதுதான் வேலை" என்றார் அவர்.

இது புதிய உண்மையன்று. 1902-இல் நியூயார்க் நகரில், கண்ணோய், படர்தாமரை, பேன் கண்ட பிள்ளைகளை மருத்துவர்கள் பள்ளியிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பினர். மருந்திட ஆளின்றி அவர்கள் தெருவில் விளையாடித் திரிந்தனர். லில்லியன் வால்டு என்னும் செவிலிப் பெருமாட்டி, தம் குழுவிலிருந்த லீனா ராஜர்ஸ் என்பவரை அவ்வாண்டு அக்டோபரில் நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பினார். அவர் பள்ளியிலேயே மருந்திட்டார். வீடுவீடாகச் சென்று தாய்மாருக்குக் கற்பித்தார். சோதனை வென்றது, மேலும் செவிலியர் அமர்த்தப்பட்டனர். 1902 செப்டம்பரில் விலக்கப்பட்டோர் 10,567 பேர். அடுத்த செப்டம்பரில் 1,101 பேர். நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவர்கள் முன்பும் இருந்தார்கள். புதிதாய் வந்தது வீட்டுக்கு நடந்த கால்கள்.

அந்நாட்டிலும் பின்னர் நெடுங்காலம் 750 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதமே வழங்கிற்று. 2015-இல் அங்குள்ள தேசியப் பள்ளிச் செவிலியர் சங்கம், விகிதம் மட்டும் போதாது. பிள்ளைகளின் நோய், குடும்பத்தின் வறுமை, மொழி ஆகியவற்றையும் சேர்த்தே சுமையை அளக்கவேண்டும் என்று கூறியது. பங்கின் ஆண்டறிக்கையில் திருமுழுக்கு இத்தனை, திருமணம் இத்தனை என்று நிரப்பும் நமக்கு இதில் வியப்பில்லை. பிரிந்த கணவன் மனைவியைச் சேர்த்துவைக்க நடந்த இரவுகளுக்கு அங்கேயும் கட்டமில்லை. ஆயினும் அறிக்கையைக் கொண்டு நம் பங்கை யாரும் குறைப்பதில்லை. நர்சம்மாவின் பக்கத்து நிலையம் காலியானால், அதையும் சேர்த்துப் பாரும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே பள்ளியில் ஒரு நோட்டுப் போடலாம் என்றோம். சீட்டுப் பெற்ற பிள்ளைக்கு ஓர் எண், வீட்டுக்குச் சென்ற நாள், எத்தனையாவது முறை, தடை என்ன, இவ்வளவே. "இன்னொரு நோட்டா, சாமி?" என்று நர்சம்மா தலையில் கைவைத்தார். ஏற்கனவே தாய் சேய் விவரங்களைக் கணினியில் ஏற்றவே அவருக்கு மாலைப்பொழுதுகள் போகின்றன. சுமையை அளக்கப் போய்ச் சுமையைக் கூட்டுவது முறையன்று. எழுதும் பொறுப்பைச் சத்துணவுப் பதிவேடு எழுதும் ஆசிரியை ஏற்றார். நர்சம்மா போகிற போக்கில் வாயால் சொன்னால் போதும்.

ஆறு மாதம் கழித்து, வட்டாரக் கூட்டத்துக்கு அந்நோட்டை அவரே கேட்டு வாங்கிச் சென்றார். மேலதிகாரி பொறுமையாகப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு, "இதை எந்தப் படிவத்தில் சேர்ப்பது?" என்று கேட்டாராம்.