நள்ளிரவில் தெற்கே நிற்கும் சூரியன்

பூமி தட்டை என்று நம்புகிறவர்கள் மூக்குடைபடுவதைப் பார்ப்பதில் எனக்கு அலாதி ஆசை. இரவு படுத்ததும் யூடியூபில் அதைத்தான் தேடுவேன். அறிவியல் ஆர்வம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். பொய். அடுத்தவர் அசடு வழிவதைப் பார்க்கும் சுகம்தான்.

அதைவிட வெட்கக்கேடு, பதில் எனக்கே தெரியாமல் இருந்தது. "தென் துருவத்துக்குப் போயி அந்தப் பக்கமா வெளிய வந்தவன் யாருப்பா?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். வம்புக்கல்ல, தெரிந்துகொள்ளத்தான். "சின்னப் பிள்ளைகூட இப்படிக் கேக்காது சித்தப்பா" என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பேச்சை மாற்றிவிட்டார். ஒரு பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு ரகசியமாகப் படித்தேன். விவியன் ஃபுக்ஸ் குழு 1957 நவம்பரில் வெடல் கடல் பக்கம் கிளம்பி, துருவத்தைத் தொட்டு, 99 நாளில் சுமார் 3,470 கிலோமீட்டர் கடந்து ராஸ் கடல் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. தட்டைக்காரர்களின் வரைபடத்தில் அதற்கு வழியே இல்லை: நடுவில் வட துருவம், விளிம்பு முழுக்க அன்டார்டிகா என்ற பனிச்சுவர். 1841இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்ட பனிமதிலை அதற்குச் சாட்சியாக இழுப்பார்கள். அந்த மதில் கடலில் மிதக்கும் பனித்தட்டின் ஓரம். அதே தட்டின் மேல் முகாம் போட்டுத்தான் அமுண்ட்சன் 1911இல் துருவத்துக்கே போனார்.

2024 டிசம்பரில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தட்டை, உருண்டை என இரண்டு கட்சியிலும் சிலரை அன்டார்டிகாவின் யூனியன் கிளேசியருக்குக் கூட்டிப்போனார். அங்கே சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நள்ளிரவில் அது நிற்பது தெற்கே. தட்டை வரைபடத்தில் அங்கிருந்து தெற்கு என்றால் விளிம்புப் பக்கம். சூரியனுக்கு அங்கே பாதையே கிடையாது. பல வருஷம் தட்டை பேசிப் பெயர் வாங்கிய ஒருவர், இந்த விஷயத்தில் தான் நினைத்தது தப்பு என்று கேமரா முன்னாலேயே சொன்னார். சொந்தக் கட்சிக்காரர்கள் சிலரே அவர் விலைபோய்விட்டதாக ஏசினார்கள்.

நான்? அந்த இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்துச் சிரித்தேன். சித்தப்பாவிடம் ஃபுக்ஸ் பெயரைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. சொன்னால், அன்றைக்கு எனக்குத் தெரியாது என்பதும் கூடவே வெளியே வந்துவிடும்.