ஏ.ஜி. என்ற இரண்டு எழுத்துகள்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கி.மீ. மாந்தோப்புகளையும் சந்திரகிரிக் கோட்டையையும் கடந்தால் கோவிந்தராஜ சுவாமி கோயில் கோபுரம் கண்ணில் படும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைச் சீமை இது. 1911-ல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர்.

ஜில்லாவின் பெயரையும் கோயில் பெருமாளின் பெயரையும் இனிஷியலாகச் சுமந்த ஒரு டாக்டர், இந்திய பாராசூட் படை வரலாற்றின் முதல் பக்கத்தில் இருக்கிறார்: ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்.

1940 ஜூனில், ஜெர்மானிய பாராசூட் வீரர்களின் வேகத்தைக் கண்ட சர்ச்சில், பிரிட்டனுக்கும் 5,000 பேர் கொண்ட அத்தகைய படை வேண்டும் என்றார். மான்செஸ்டர் அருகே ரிங்வேயில் பயிற்சி தொடங்கியது. 1941 அக்டோபரில் டெல்லியில் 50-வது இந்திய பாராசூட் பிரிகேட் உருவானது. அதில் பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா பட்டாலியன்கள் மூன்று. இந்திய பட்டாலியனான 152-ன் மருத்துவ அதிகாரி, லெப்டினென்ட் ரங்கராஜ். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படையினர் அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான்.

குதிப்பதற்காகவே உருவான படைக்குக் குதிக்கும் வாய்ப்பு அரிதாகவே வந்தது. 1944 மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷாக் மலையில் பிரிகேட் ஜப்பானியரைத் தரையில் நின்றே எதிர்த்தது. இழப்பு பெரிது. ஆனால் இம்பாலும் கோஹிமாவும் தயாராகச் சில நாள் அவகாசம் கிடைத்தது. 1945 மே 1 அன்றுதான் கூர்க்கா பாராசூட் வீரர்கள் ரங்கூன் அருகே வானிலிருந்து இறங்கினர்.

சுதந்திர இந்தியா 1950-ல் கொரியாவுக்குப் போரிடும் படையை அனுப்பவில்லை; 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸை அனுப்பியது. தலைமை, லெப்டினென்ட் கர்னல் ரங்கராஜ். பியாங்யாங்கிலிருந்து பின்வாங்கியபோது, மருத்துவச் சாதனங்களைக் கைவிட மனமின்றி, அவரது ஆட்கள் கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டி அவற்றை மீட்டனர். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்க பாராசூட் வீரர்களுடன் அவரும் சிறு மருத்துவக் குழுவும் குதித்து, காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தனர். இந்தியா அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கியது. எதிரியைத் தாக்க ஒரு பேரரசு கற்றுக்கொடுத்த வித்தை, உயிர் காக்கப் பயன்பட்டது.

பழைய ஜில்லா இப்போது பல துண்டுகள். ஆற்காடு 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில். திருப்பதி 2022-ல் சித்தூரிலிருந்து பிரிந்தது. ஏ.ஜி. என்ற இரண்டு எழுத்துகளில் மட்டும் ஆற்காடும் கோவிந்தராஜனும் இன்னும் சேர்ந்தே இருக்கிறார்கள்.