வலச்சுற்று

எங்கள் பக்கம் ஜனங்கள் குடிவந்ததே காற்றுக்காகத்தான் என்று தாத்தா சொல்வார். காசநோய்க்கு மாத்திரை கிடையாத நாளில், காற்றும் வெயிலும் சத்தான சாப்பாடும்தான் வைத்தியம் என்று நம்பிய டாக்டர் சௌரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதனால் பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று நான் கற்ற முதல் விதி எந்தப் பலகையிலும் எழுதப்பட்டதல்ல. தெருவில் யாராவது காறித் துப்பினால் தாத்தா திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார்: “என்னப்பா, சானடோரியத்துல இடம் வேணுமா?” துப்பியவன் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவான்.

சேலையூரை ஒட்டிய எங்கள் காலனியின் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. மனை போட்டு விற்றவர் பொதுவுக்கென்று விட்ட பங்கு அது. வரைபடத்தில் ‘பூங்கா’ என்று பச்சை அடித்திருந்தார்களாம். எங்களுக்கு அது கிரவுண்டு. ஒரு மூலையில் சீமைக்கருவேலம், இன்னொரு மூலையில் வீடு கட்டி மிஞ்சிய செங்கல் குவியல், நடுவில் புல் முளைக்கவே முடியாதபடி நாங்கள் தேய்த்து வைத்திருந்த பிட்ச்.

பலகை இல்லையே தவிர, அங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. முதல் பந்து டிரையல். மாடி வீட்டு மாமியின் காம்பவுண்டுக்குள் நேராக விழுந்தால் அவுட், குத்திப் போய் விழுந்தால் இரண்டு ரன். அடித்தவன்தான் போய்ப் பந்தைக் கேட்க வேண்டும். மட்டையைக் கீழே வைத்துவிட்டு, ‘மாமி’ என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் சின்னப் பையன் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடுவான். மாடு குறுக்கே வந்தால் அதுவாகப் போகும்வரை நிற்க வேண்டும். விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும்போது போட்ட பந்து செல்லாது. ‘நோ பால்’ என்று கத்தினாலும் காதில் விழாதல்லவா. இந்தச் சட்டத்தை யார் எப்போது இயற்றினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறியவனுக்கு மறுநாள் பேட்டிங் கிடையாது, அவ்வளவுதான்.

நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம் சுற்றுச்சுவர் எழும்பியது. இரும்பு கேட், சிமென்ட் பெஞ்ச், ஊஞ்சல், சறுக்குமரம். கூடவே பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. பூங்கா நேரம் காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை. பூக்களைப் பறிக்கக் கூடாது. 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் ஆடக் கூடாது. வாகனங்கள், நாய்கள் உள்ளே வரக் கூடாது. நடப்பவர்கள் வலச்சுற்றாக மட்டுமே நடக்க வேண்டும். பந்து விளையாடக் கூடாது. கடைசி வரியைப் படித்துவிட்டு என் தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பலகையின் மேல் எனக்குப் பல வருடம் ஆத்திரம் இருந்தது.

ஆத்திரம் தணிந்ததற்குக் காரணம் பக்கத்து காலனி. அங்கேயும் இதே போல ஒரு கிரவுண்டு. சுவரும் இல்லை, பலகையும் இல்லை. முதலில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் வந்தார். பிறகு அவருக்குத் தகரக் கொட்டகை, கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை, அதன் பின்னால் மணல், ஜல்லி. இன்று போய்ப் பார்த்தால் மிட்-ஆஃப் எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி இவற்றைக் காப்பாற்றத் தனிச்சட்டமே நம் மாநிலத்தில் 1959 முதல் இருக்கிறது. ஆனால் தெருவில் போகிறவன் கண்ணுக்குச் சட்டப் புத்தகமா தெரியும்? சுவரும் பூட்டும் பலகையும்தான் தெரியும். எங்களை விரட்டிய பலகைதான் அந்த மண்ணைக் காத்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

விதிகளை மீறுவதில் பெரியவர்களை மிஞ்ச ஆளில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு கேட் திறந்ததும் பிளாஸ்டிக் கூடையோடு நுழைவார்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி. எட்டாத கிளைக்குக் கையில் கொக்கி வேறு. கேட்டால், “சுவாமிக்குத்தானே” என்பார்கள். வாட்ச்மேன் தாத்தா ஒரு பையனின் ரப்பர் பந்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். சுவாமியிடமிருந்து கூடையைப் பிடுங்க அவரால் ஆகுமா?

2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, மேற்கே முடிச்சூர்ப் பக்கம் படகு விட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். காலனியில் மேடான இடம் பூங்கா ஒன்றுதான். அன்றிரவு வாட்ச்மேன் தாத்தாவே கேட்டைத் திறந்துவிட்டார். வாகனங்கள் உள்ளே வரக் கூடாது என்ற பலகையில் சாய்ந்தபடி ஸ்கூட்டரும் பைக்கும் வரிசையாக நின்றன. பெஞ்சுக்கு அடியில் யார் வீட்டு நாயோ நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது.

2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பலகைக்குப் புதுப் பெயின்ட். விதிகள் பழையவைதான்.

போன மார்கழியில் ஒரு நாள் சீக்கிரமே நடக்கப் போனேன். இருட்டு பிரியவில்லை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். கீச், கீச் என்று ஒரு சத்தம். அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார். புடவையைக் காலோடு இடுக்கிக்கொண்டு, நல்ல உயரத்துக்கு. இன்னொரு அம்மாள் அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி கேட்டைப் பார்த்துக் காவல் நின்றார். என்னைக் கண்டதும் பதறிப்போய், “அக்கா இதோ எறங்கிடுவாங்க தம்பி” என்றார்.

வலச்சுற்றில் போனால் ஊஞ்சலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் திரும்பி இடச்சுற்றாக நடக்க ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கவில்லை.