இறங்கத் தெரியணும்

மலைப்பாதையில் ஏறி ஓட நெஞ்சில் தெம்பு இருந்தால் போதும். இறங்கி ஓடத்தான் வித்தை வேண்டும். கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்தபின் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பவர், ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடும் ஓர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். பந்தயம் எதிலும் ஓடியதில்லை. அதில் அவருக்கு அக்கறையும் இல்லை. பிறந்த ஊர் வெள்ளகவி. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைக் கடந்து சரிவில் இறங்கிக்கொண்டே போனால் வரும் கிராமம். அரிசியோ சிமெண்டோ, எதுவானாலும் குதிரை முதுகிலோ ஆள் தலையிலோ போய்ச் சேர்ந்த காலத்தில் வளர்ந்தவர். அவர் கால் வேறு மாதிரி.

1910-களில் மோட்டார் சாலை வரும்வரை கொடைக்கானலுக்கே முக்கிய வழி, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஏறும் பாதைதான். துரைமார்கள் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து வந்தார்கள்; தூக்கியவர்கள் நம் ஆட்கள். தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் தூக்கிக்கொண்டு இறங்கவும் செய்தார்கள். இன்று ‘ட்ரெயில் ரன்னிங்’ என்று பெயர் வைத்து ஷூ கம்பெனிகள் விற்கிற வித்தையில் பாதி, அந்தக் கால்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்பது என் கட்சி.

பாடம் தொடங்கியது ஏரிச் சாலையில். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி இது. பரப்பு அறுபது ஏக்கர், சுற்றளவு சுமார் ஐந்து கிலோமீட்டர். நட்சத்திர வடிவம் என்பதால் கரை உள்ளே போய் வெளியே வந்து வளைந்துகொண்டே இருக்கும். போட் கிளப் இதோ எதிரே தெரியும். ஓடினால் வந்து சேராது.

மதுரை ரேஸ்கோர்ஸில் நான் பிடித்து வைத்திருந்த வேகம் இங்கே செல்லுபடியாகாது. ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அண்ணன் கணக்கெல்லாம் சொல்லவில்லை. சைக்கிளில் கூடவே வந்தபடி பேச்சுக் கொடுத்தார். வீட்டு வாடகை எவ்வளவு, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சீட்டு, மதுரையில் மல்லி என்ன விலை. பதில் பாதியில் அறுந்தால், “கூடிப்போச்சு தம்பி, கொறச்சுக்க” என்பார். ஒரு பேச்சைத் திணறாமல் சொல்லி முடிக்க முடிகிற வேகம் எதுவோ, அதுதான் என் வேகம். கையில் கட்டியிருந்த விலையுயர்ந்த கடிகாரத்தைவிட இது சரியாகவே வேலை செய்தது.

ஏற்றத்துக்கு அவர் வைத்த பாடம் சின்னது: நட. செங்குத்தாக வந்தால் இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி, சின்ன எட்டாக வைத்து நட. ஓடுகிறேன் பேர்வழி என்று குதித்துப் போகிறவனையும் நடந்து போகிறவனையும் மேட்டின் உச்சியில் பார்த்தால் பெரிய தூரம் இருக்காது. மூச்சில்தான் வித்தியாசம் இருக்கும். அவ்வளவுதான், ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இறக்கத்துக்கு வட்டக்கானல் பாதை. வார நாளில், விடிந்த கையோடு போய்விட வேண்டும். சனி ஞாயிறென்றால் டால்பின் நோஸ் வரைக்கும் மேகி கடையும் செல்ஃபியுமாக ஜேஜே என்றிருக்கும், ஓட முடியாது. பல வருஷ மழையும் காலும் சேர்ந்து மண்ணை அரித்ததில் மரங்களின் வேர் பாதை நெடுகப் பின்னிக் கிடக்கிறது. ஈர வேரின்மேல் கால் வைக்கக் கூடாது, தாண்டி வைக்க வேண்டும். அதிலும் சாய்ந்து கிடக்கிற வேர் பட்டென்று வாரிவிடும். பைன் ஊசி காய்ந்திருந்தால்தான் மோசம். மேலே பார்த்தால் மெத்தை, காலை வைத்தால் உருளும். பாசி பிடித்த பாறையைவிடப் பக்கத்திலிருக்கும் சேறு மேல். ஷூ அழுக்காகுமே என்று சேற்றை ஒதுக்கி ஓரத்துப் புல்லில் ஓடினால் அண்ணனுக்குக் கோபம் வரும். ஆளாளுக்கு ஒதுங்கினால் பாதை அகன்றுகொண்டே போகும், அடுத்த மழைக்கு அந்த ஓரமும் கரைந்துவிடும் என்பார்.

இதற்கெல்லாம் கண்ணைப் பழக்க வேண்டும். காலடியைப் பார்த்தால் பார்த்து முடிப்பதற்குள் அதைத் தாண்டியிருப்போம். நாலைந்து எட்டு முன்னால் பார்க்க வேண்டும். பார்த்ததைக் கால் வந்து சேரும்வரை மனசில் வைத்திருக்க வேண்டும். அப்புறம் உடம்பு. இறக்கத்தில் பயம் வந்தால் முதுகு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் குதிகால் முன்னால் போய் ஊன்றும், அங்கேதான் வழுக்கும். சரிவோடு லேசாக முன்னால் சாய்ந்து, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழுகிற மாதிரி, சின்னச் சின்ன எட்டாக வேகமாக மாற்ற வேண்டும். கை இரண்டும் அகன்று இருக்கட்டும், பார்க்க அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. முட்டி ஒரு கணமும் விறைக்கக் கூடாது. “வெயில்ல காஞ்ச பாறைல வெறுங்கால வச்சா எப்படி எடுப்பே? அப்படி எடு” என்றார்.

அவர் எனக்கு முன்னால்தான் ஓடுவார், திரும்பியே பார்க்க மாட்டார். ஆனால் என் தப்பு ஒவ்வொன்றையும் சொல்லிவிடுவார். எல்லாம் காதில்தான். தொம் தொம் என்று கேட்டால் குதிகால் போட்டு நிறுத்தி நிறுத்தி இறங்குகிறேன் என்று அர்த்தம். சர்ரென்று இழுபட்டால் பின்னால் சாய்ந்திருக்கிறேன். சத்தமே கேட்காதபோதுதான் பேசாமல் போவார். அதுதான் அவர் கொடுக்கிற சான்றிதழ்.

வெள்ளகவியில் ஊர் எல்லைக்குள் செருப்புப் போடுகிற வழக்கம் இல்லை. வழியெல்லாம் கோயில். அங்கே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கல்பாவிய தெருவில் இறங்கியபோதுதான் அவர் சொன்னது முழுசாக விளங்கியது. வெறுங்காலில் யாரும் குதிகாலைப் போட்டு இடிக்க மாட்டார்கள். முன்பாதம் முதலில் தொட்டு, முட்டி மடங்கி, எடை மெல்ல இறங்குகிறது. அதையே ஷூவோடு செய்யச் சொல்கிறார்.

இறங்கியதன் வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடையின் முன்பக்கம் கல்லாகிவிடும். படியில் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கும். ஏறும்போது சுருங்கி வேலை செய்கிற அதே தசை, இறங்கும்போது நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. அதில் இழைகள் நுணுக்கமாகக் கிழிகின்றன. திரும்பத் திரும்ப இறங்கினால் தசை பழகி, வலி குறையும். நகம் கறுப்பதற்கு மட்டும் கைவைத்தியம் உண்டு. ஷூவின் கடைசி ஓட்டையில் லேஸை அதே பக்கமாக நுழைத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் கோத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பூட்டியது போல நிற்கும், விரல் முன்னால் போய் முட்டாது. இதை அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். கட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று ஒத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் காட்டு ஒழுக்கம். எதிரே மூட்டைக் குதிரை வந்தால் மலைப் பக்கம் ஒதுங்கு. பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். மேட்டில் சுமையோடு ஏறுகிறவருக்கு வழி விடு. மூடுபனியில் வாயை மூடிக்கொண்டு ஓடாதே, எதையாவது பாடு. பாட்டு காட்டுமாட்டுக்காக. கொடைக்கானலில் அது கடைத்தெருவுக்கே வரும், ஊர்க்காரர்கள் அலட்டிக்கொள்ள மாட்டார்கள்; வளைவில் திடுக்கிட வைத்தால்தான் ஆபத்து. கண்டால் நின்று, பின்வாங்கி, அது போகிற வழியை விட்டுவிட வேண்டும். தனியாக நிற்கும் காளை என்றால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, வீட்டுக்குத் திரும்பு. 2018-ல் குரங்கணியில் காட்டுத்தீ விபத்து நடந்தபின் மலையேற்ற விதிகளும் இறுகிவிட்டன. அனுமதி வேண்டிய இடத்துக்கு அனுமதி வாங்கித்தான் போகிறோம். காட்டுக்குள் புதுப்பாதை பிடிக்கிற ஆசையெல்லாம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சோலைப் பக்கம் அட்டை ஏறும். அந்த மாதங்களில் மறுபடி ஏரிச் சாலைதான்.

இப்போது மழை விட்டாயிற்று. அடுத்த பாடம் முதுகில் சுமையோடு இறங்குவது. சுமை இருந்தால் துள்ள முடியாது, முட்டி தானே மடங்கும், எட்டு தானே சுருங்கும் என்கிறார். என்ன தூக்கவேண்டும் என்று கேட்டேன். வெள்ளகவியில் அவருடைய அக்கா வீட்டில் அரிசி தீர்ந்திருக்கிறதாம்.

“பத்துக் கிலோ போதும் தம்பி. மொதல்ல நடந்து எறங்கு. ஓடுறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.”