பூ கேட்கப் போனேன்

மாசி பிறந்துவிட்டால் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் லீவுப் பேச்சுத்தான். தேனிக்காரர்களும் மதுரைக்காரர்களும் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போக வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்குப் பங்குனி உத்திரத்தில் சாஸ்தா கோயில். உள்ளூர்க் கொங்குக் குடும்பங்களுக்கு அவரவர் கூட்டத்துக் கோயில். ஷிப்மென்ட் தேதி தலைக்கு மேல் நின்றாலும் இந்த லீவை மறுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. அவருக்கும் போக ஒரு கோயில் இருக்கிறது. பவர் டேபிள் வரிசையில் பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடக்கும் அந்த நாள்களில் ஒடிசாப் பையன்களும் நானும்தான் மிஞ்சுவோம். “நீங்க குலசாமிக்குப் போகலைங்களா?” என்று போகிற வழியில் யாராவது கேட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் குலதெய்வம் இலங்கையின் வடக்கே மயிலிட்டியில், கிணற்றடிப் பூவரசின் கீழ் நின்ற ஒரு சூலம். வைரவர். கோபுரமோ கருவறையோ கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அம்மம்மா விளக்கு வைப்பா. வருசத்துக்கு ஒருமுறை பொங்கிப் படைத்து வடைமாலை சாத்துவோம். 1990 ஜூனில் போருக்கு அஞ்சி எங்கள் வலிகாமம் வடக்குச் சனம் முழுவதும் கிளம்பியபோது நாங்களும் கிளம்பினோம். அதன்பிறகு அந்த மண் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. நான் கடல் கடந்து மண்டபம் முகாமுக்கு வந்து, பிறகு வேலை தேடித் திருப்பூர் வந்தவன். இன்று முகாமுக்கு வெளியே, வெளிப்பதிவில் இருக்கிற அகதி. வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த நாட்டில்தான் கழித்திருக்கிறேன்.

நான் நாத்திகன் ஆகவில்லை. யாரும் வாதாடி என் நம்பிக்கையைக் கலைக்கவும் இல்லை. கும்பிட நின்ற இடம் போனது, கும்பிடுகிற பழக்கம் போனது, சில வருசங்களில் உள்ளே இருந்ததும் எப்போது போனதென்று தெரியாமல் போய்விட்டது. நம்ப வேண்டும் என்ற ஆசை மட்டும் நின்றது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் மற்றவர்களிடம் கேட்கத் தொடங்கினேன்: உங்களுக்கு எப்படி நம்பிக்கை வந்தது?

திருப்பூரில் இதைக் கேட்பது எளிது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். செக்கிங்கில் பீஸ் பார்க்கிற தேனி அம்மா, கை நிறுத்தாமல் பதில் சொன்னார்: “எங்க சாமியும் எங்க கூட வந்ததுதாண்ணே. பாட்டன் காலத்துல பஞ்சம் பொழைக்க வந்தப்ப பழைய கோயில்ல பிடிமண் எடுத்துட்டு வந்து வச்சாங்க. ஒரு பிடி மண்ணு போதும்ணே.” ஒடிசாப் பையன் ஒருவன் ரதயாத்திரை அன்று சாப்பாட்டு நேரத்தில் பூரித் தேரைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். தேர் அசைந்ததும், நூல் தூசி ஒட்டிய விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். அவனிடம் கேள்வி எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கட்டிங் மாஸ்டர் பாயிடம் கேட்டேன். என்ன அவசர ஆர்டர் என்றாலும் வெள்ளிக்கிழமை மதியம் கத்தரியை வைத்துவிட்டுப் போகிற மனிதர். “நம்பிக்கை வந்த பொறவு தொழலாம்னு உட்கார்ந்திருந்தா வயசு போயிடுங்ணா. அஞ்சு வேளையும் போய் நிக்கறேன். அதுல என்னைக்காச்சும் ஒரு வேளை நெஞ்சும் கூட வந்து நிக்கும். மத்த வேளையெல்லாம் அதுக்காகத்தான்.” இந்தப் பதிலை நான் பல இரவுகள் நினைத்திருக்கிறேன். மற்ற வேளைகளில் நெஞ்சு நிற்பதில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் கேட்டேன். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் நின்ற தொழிற்சங்கத் தோழர் ஒருவர். “இல்லாதவர்கிட்ட எனக்கு என்ன கோபம் தோழர்? கதவைச் சாத்தினவன் மேலதான் கோபம்” என்றார். 1922இல் இதே திருப்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், கோயில் நுழைவுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, மனுதர்மத்தையும் ராமாயணத்தையும் கொளுத்த வேண்டும் என்று ஈ.வெ.ரா. பேசியதைச் சொன்னார். எனக்கு எங்கள் பக்கத்து மாவிட்டபுரம் நினைவுக்கு வந்தது. 1968இல் அங்கே ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே விடச் சொல்லிக் கந்தசுவாமி கோயில் வாசலில் போராடினார்கள். நம்பியவர்களையே வாசலில் நிறுத்தினார்கள். தோழரின் கோபம் நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் மனம் அமைதியாக இருந்தது. அது எனக்கு வாய்க்கவில்லை.

சாத்திய கதவு ஒன்றை 2019இல் நாங்களும் பார்த்தோம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது: பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான். ஆறு மதங்களின் பெயரைச் சொன்னது. இலங்கையின் பெயர் இல்லை. திருமுருகன்பூண்டி முகாமில் ஒரு கிழவி என்னிடம், “நாங்களும் சைவம்தானே தம்பி?” என்று கேட்டா. என்ன பதில் சொல்வது? முஸ்லிம் என்பதற்காக விடப்பட்டவனுக்கும், சைவமாக இருந்தும் விடப்பட்ட அவவுக்கும் ஒரே சட்டத்தில் இடமில்லை. ஒருவர் எதை நம்புகிறார் என்று ஓர் அரசு கேட்கவே கூடாது. என்னைப்போல் தெரிந்துகொள்ளும் ஏக்கத்தில் அது கேட்பதில்லை.

பூண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாக வந்த சுந்தரரை வேடர் வடிவில் வந்து கொள்ளையடித்தவர்கள் சிவனின் பூதகணங்கள் என்பது இந்தத் தலத்தின் கதை. பறிகொடுத்த சுந்தரர் அழுது கும்பிடவில்லை. இப்படிப்பட்ட கள்வர் ஊரில் நீர் ஏன் குடியிருக்கிறீர் என்று சாமியைப் பார்த்தே கேட்டுப் பாடினார். பொருள் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் பறிகொடுத்து வந்த எங்கள் சனம், பறிகொடுத்தவர் கேள்வி கேட்டுப் பாடிய ஊரிலேயே முகாம் போட்டிருக்கிறது.

பூண்டி சிற்பிகளின் ஊரும்கூட. அவிநாசிச் சாலையில் போனால் உளிச் சத்தம் கேட்கும். ஒரு பட்டறையில் நின்று ஒரு பிள்ளையார் உருவாவதைப் பார்த்தேன். சிற்பி முதலில் கல்லைச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். ஓசையை வைத்துத்தான் ஆண் கல்லா பெண் கல்லா என்று முடிவு செய்வார்களாம். பிறகு தும்பிக்கைப் பக்கம் கை எட்டவில்லை என்று கல்லின் வயிற்றில் காலை ஊன்றிக்கொண்டு கொத்தினார். “சாமி மேல கால் வைக்கிறீங்களே?” என்றேன். “இப்பக் கல்லுதானுங்க. கோயிலுக்குப் போயிக் கண்ணு தொறக்கற வரைக்கும் கல்லுதான். தொறந்துட்டா நாங்களே தள்ளி நின்னு கும்பிட்டுக்குவமுங்க.” இவர்கள் கொத்துகிற சிலைகள் கடல் கடந்து எங்கள் ஆட்கள் கட்டுகிற கோயில்களுக்கும் போகின்றன. கால் ஊன்றிய கல்லைக் கைகூப்பவும் முடிகிற அவர் மனம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆனால் எல்லாரையும்விட என்னை உலுக்கியவ முகாமில் இருக்கிற ஓர் அக்கா. 2006இல் சின்னப் பிள்ளைகளோடு படகேறியபோது, “பின்னாலை வாறன்” என்று நின்ற மூத்தவன் வரவேயில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவிநாசிக் கோயிலுக்குப் போவா. பூண்டியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். அங்கேயும் சுந்தரர்தான். ஒரு வீட்டில் பூணூல் கலியாணம், எதிர் வீட்டில் அழுகை. கேட்டால், அந்த வீட்டுப் பிள்ளையைச் சில வருசங்களுக்கு முன் குளத்தில் முதலை விழுங்கியது, இருந்தால் அவனுக்கும் இந்நேரம் பூணூல் போட்டிருப்போம் என்கிறார்கள். சுந்தரர் பாட, முதலை வந்து பிள்ளையைக் கக்குகிறது. விழுங்கியபோது இருந்த வயதில் அல்ல. இடையில் போன வருசங்களும் சேர்ந்து வளர்ந்த பிள்ளையாக.

அந்தக் கதையில் அக்கா பிடித்துக்கொண்டது இந்தக் கடைசிப் பகுதியை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகனின் வயதை ஒன்று கூட்டிக்கொள்கிறா. தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுக்கிற பனியனில்கூட அவனுக்கு இப்போது எந்த அளவு வரும் என்று யோசித்து ஒன்றை எடுத்து வைப்பா. “இதையெல்லாம் நம்புறீங்களா அக்கா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “நம்பாட்டி நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது தம்பி? கேக்கவேண்டிய எல்லாரிட்டையும் கேட்டாச்சு. ஒருத்தரும் இல்லையெண்டும் சொல்லேல்லை, இருக்கெண்டும் சொல்லேல்லை. இனி இவரிட்டைத்தான்.”

அதுவரை நான் எல்லாரிடமும் பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சாமி இருக்கிறது என்று இவர்களுக்கு யார் சொன்னது, எந்த நாள் தெரிந்தது என்று. பாயிடமும் சரி, அக்காவிடமும் சரி, அப்படி ஒரு பதில் இல்லவேயில்லை. அவர்களிடம் இருந்தது, போய்க் கேட்பதற்கு ஓர் இடம். மயிலிட்டியில் நான் விட்டுவந்ததும் அதுதான்.

கொங்குநாட்டில் சாமியிடம் கேட்பது ஒரு முறையாகவே இருக்கிறது. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்று கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. யாராவது ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும், அடுத்த உத்தரவு வரும்வரை இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள் என்று என்னென்னவோ இருந்திருக்கிறது. சுனாமிக்கு முன்னால் தண்ணீர் இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். நடந்தபிறகு பொருள் சொல்கிற அந்தப் பேச்சில் எனக்கு ஈடுபாடு இல்லை. யார் கனவிலும் வரலாம் என்பது பிடித்திருக்கிறது.

பூ கேட்பதைப் பற்றி எனக்குச் சரியாகச் சொன்னது நான் குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாதான். “சாமி இருக்குதா இல்லையான்னு பூ கேக்கறதில்லைங்க தம்பி. இந்தப் பொண்ணை எடுக்கலாமா, இந்தக் காட்டுல போர் போடலாமான்னுதான் கேக்கறது.” போர் போடலாமா என்று அவரே கேட்டிருக்கிறார். சரி என்கிற வெள்ளைப் பூ வந்தது. தொள்ளாயிரம் அடி போயும் புகைதான் வந்தது. “அப்ப பூ பொய்யாப் போச்சேம்மா?” என்றேன். “தண்ணி வருமின்னா சொல்லுச்சு? போடுன்னு சொல்லுச்சு, போட்டமுங்க.” கடன் அடைக்கப் பல வருசம் ஆகியிருக்கிறது. சொல்லும்போது குரலில் வருத்தம் இருந்தது, சாமி மேல் குறை இல்லை.

அவர்தான் என்னைத் தங்கள் கூட்டத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். மயிலிட்டியில் துறைமுகப் பக்கத்துக் காணிகளை 2017இல் ராணுவம் விட்டது. ஒன்றுவிட்ட தம்பி அங்கே திரும்பிக் கொட்டில் போட்டிருக்கிறான். நான் போவதா இருப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்த நேரம். பூசாரி வெள்ளரளியை ஒரு பொட்டலமும் செவ்வரளியை ஒரு பொட்டலமுமாகக் காகிதத்தில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி குலுக்கிச் சாமி காலடியில் வைத்தார். “இந்தத் தம்பி சொந்த மண்ணுக்குத் திரும்பலாமான்னு சொல்லு தாயி” என்று எனக்காக வீட்டுக்கார அம்மாவே கேட்டார். யாரோ ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். அவள் விரல் ஒரு பொட்டலத்துக்கு மேல் நின்று, மற்றதுக்குப் போய், திரும்பி வந்தது. என் கால் நடுங்கியது. நம்பாதவனுக்கு ஏன் கால் நடுங்க வேண்டும்?

சிவப்பு வந்தது. “இப்ப வேண்டாங்குதுங்க. தை பொறக்கட்டும், மறுக்காக் கேளுங்க” என்றார் பூசாரி. வீடு வரும்வரை எனக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ தாள்களுக்குப் பதிலே வராத எனக்கு, முகத்துக்கு நேரே ஒரு ‘வேண்டாம்’ கிடைத்திருந்தது. நம்புகிறேன் என்று இன்றைக்கும் என்னால் எழுத முடியாது. கேட்பதை விடமாட்டேன் என்று எழுத முடியும்.

வருகிற தையில் கேள்வியை நானே சொல்லப் போகிறேன். அந்தக் கிணற்றடியில் ஒரு பிடி மண் எடுப்பித்து, இங்கே வீட்டுக்குப் பின்னால் நிற்கிற வேம்பின் கீழ் வைக்கலாமா என்று. வீட்டுக்கார அம்மா சரியென்றுவிட்டார். கிணறு தூர்ந்துவிட்டதாம், பூவரசு இல்லையாம். சூலம் நின்ற இடத்தை நான் போனில் சொல்லச் சொல்லத் தம்பி அடி வைத்து அளந்து பார்த்திருக்கிறான். அக்காவையும் வரச் சொன்னேன். உங்களுக்கும் ஒருக்கால் பூ கேட்போம் என்றேன். அவ மறுத்துவிட்டா. “அவிநாசியானிட்டைக் கேட்டதை நான் இன்னொருத்தரிட்டைக் கேக்கமாட்டன் தம்பி. நீ கேள். நான் உனக்குத் துணைக்கு வாறன்.”