ஸ்பீக்கருக்கு எதற்கு சுவர் பிளக்?

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிபயர் உண்டு. பழுது பார்த்தவர், மாட்டிக் கழற்ற வசதியாக இருக்கட்டுமென்று ஸ்பீக்கர் ஒயரின் நுனியில் டேபிள் ஃபேனுக்குப் போடுகிற டூ-பின் பிளக்கையே போட்டுக் கொடுத்தார். "நல்லதாப் போச்சு" என்று நானும் இருந்துவிட்டேன்.

போன மார்கழியில் தங்கையின் ஐந்து வயசுப் பிள்ளை அதைச் சுவரில் செருகி, ஸ்விட்சையும் தட்டிவிட்டான்! ஒரே உறுமல், அப்புறம் புகை. அந்தச் சின்ன ஸ்பீக்கர் எங்கே, 230 வோல்ட் எங்கே? காயில் கருகிவிட்டது. அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, சகோதரிகளே.

ரிச்சி தெருவில் 'பனானா' பிளக் காட்டினார்கள். 4 மில்லிமீட்டர் முள். ஐரோப்பாவில் சுவரில் செருகும் சின்ன பிளக்கின் முள்ளும் அதே பருமன்தானாம். அதனால் அங்கே விற்கும் ஆம்ப்ளிபயர்களில் அந்தத் துளையை பிளாஸ்டிக்கால் அடைத்துவிடுகிறார்கள். "அப்ப நமக்கு வேண்டவே வேண்டாம்" என்றார் என் கணவர். மேடைக் கச்சேரிகளில் மாட்டும் ஸ்பீக்கான் 1987-ல் வந்தது. திருகினால் பூட்டிக்கொள்ளும், தகடுகள் உள்ளே அடங்கியிருக்கும், சுவரில் நுழையாது. எங்கள் பெட்டிக்கு அது பெரிசு.

கடைசியில் பின்பக்கம் ஸ்பிரிங் கிளிப் வைத்து, வெறும் ஒயரையே சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாட்டியாயிற்று.

வாண்டு வந்தால் இன்னமும் சுவர் ஓட்டையைத்தான் முதலில் பார்க்கிறான்.